கல்லூரி அணியில் பிள்ளை, கேலரியில் பெற்றோர்: கேள்வி பதில்

பதில் சொல்பவர், பொறியியல் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர்.

மகன் இரண்டாம் ஆண்டு, வாலிபால் ஆடுகிறான். அணியில் எடுத்தும் பெஞ்சிலேயே உட்கார வைக்கிறார்கள். நான் போய் ஒரு வார்த்தை பேசலாமா சார்? (ஈரோட்டிலிருந்து ஒரு தந்தை)

வேண்டாம். பையன் கேட்கட்டும். "என்னை ஏன் இறக்கவில்லை" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "எனக்கு எது குறைகிறது?" என்று கேட்டால் எந்தப் பயிற்சியாளரும் பதில் சொல்வார். நன்றாக அடிக்கிற பையன்கள் பலர் எதிரணியின் சர்வீஸை ஒழுங்காக எடுக்கத் தெரியாமல்தான் வெளியே உட்கார்ந்திருப்பார்கள். மாலைப் பயிற்சி முடிந்து வலையை அவிழ்க்கும் நேரம் இதற்குத் தோதானது. தோற்றுவிட்டு வந்த அன்று கேட்டால் திட்டுதான் கிடைக்கும்.

அப்பா போன் செய்தால் என்ன ஆகும் என்பதை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவன் நான். மரியாதையாகப் பேசிவிட்டு வைப்போம். மறுநாள் அணி முழுவதற்கும் தெரிந்துவிடும். பிறகு அவன் திறமையால் இடம் பிடித்தாலும் "அப்பா சொல்லி வந்தவன்" என்ற பெயர் போகாது.

செஸ் வீரர் பிரக்ஞானந்தாவின் அம்மா எல்லாப் போட்டிக்கும் கூடவே போகிறாரே? அவரை மட்டும் ஊரே பாராட்டுகிறது! (மதுரை)

பாராட்ட வேண்டியவர்தான். ஆனால் அவர் என்ன செய்தார் என்று கவனியுங்கள். வெளிநாட்டுக்கும் அடுப்பு, பாத்திரத்தோடு போய் மகனுக்கு ரசம் சாதம் சமைத்துப் போட்டவர் நாகலட்சுமி. 2023இல் பாகுவில் நடந்த உலகக் கோப்பையில் மகன் இறுதிச் சுற்று வரை போனபோது அரங்கின் ஓரத்தில்தான் நின்றார். எந்தக் காயை நகர்த்துவது என்பது மகன் பாடு, பயிற்சியாளர் ரமேஷ் பாடு. மேலும், பத்து வயதில் சர்வதேச மாஸ்டர் ஆகி ஊர் ஊராகப் போன சிறுவனுக்குத் துணை வேண்டியிருந்தது. உங்கள் பிள்ளை கல்லூரிக்குப் போகிற வயதில் இருக்கிறார்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் மகளுக்கு இன்ஜினியரிங் இடம் கிடைத்தது. "இனி விளையாட்டு போதும், படி" என்கிறார் என் கணவர். (நாமக்கல்)

ஏணியில் ஏறியதும் அதை உதைத்துத் தள்ளுகிற வேலை இது. மாநிலம் முழுவதற்கும் 500 இடங்கள்தான் அந்த ஒதுக்கீட்டில். ஒன்று உங்கள் மகளுக்கு வந்தது என்றால், வெளியே நிற்கும் இன்னொரு பிள்ளையையும் நினைக்க வேண்டும். தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பதையும் கணவரிடம் சொல்லுங்கள். அவருக்கு அது புரியும்.

படிப்புக் கவலை நியாயமானது. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும். போட்டிக்குப் போனவர்களுக்கு 65 வரை தளர்வு உண்டு, ஆனால் உரிய கடிதம் இருந்தால்தான். போட்டிக்குப் புறப்படும் முன்பே ஓ.டி. கடிதத்தில் (கல்லூரி சார்பில் வெளியே போவதற்கான அனுமதி) துறைத்தலைவரின் கையெழுத்து வாங்கி நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். சான்றிதழ்களுக்கு ஒரு ஃபைல் போட்டுக் கொடுங்கள். இந்த வேலையில் பெற்றோர் எவ்வளவு வேண்டுமானாலும் தலையிடலாம்.

போட்டியைப் பார்க்க வரலாமா?

தாராளமாக. அணி உட்காரும் பெஞ்சுக்கு எதிர்ப்பக்கம் உட்காருங்கள். நடுவரிடம் வாய் கொடுக்காதீர்கள்.

சளி, இருமல் என்றால் வீட்டில் இருக்கும் சிரப்பைக் கொடுத்து அனுப்புகிறேன். அதிலும் ஊக்கமருந்துப் பிரச்சினை உண்டு என்கிறார்களே? (தஞ்சாவூர்)

உண்டு. நம் ஊரில் சர்வசாதாரணமாக விற்கும் பல இருமல் சிரப்புகளில் டெர்புடலின் இருக்கிறது. அது தடைப் பட்டியலில் உள்ள மருந்து. சோதனையில் அகப்பட்டால் "அம்மா கொடுத்தார்" என்பது எடுபடாது. உடம்பில் இருப்பதற்கு விளையாடுபவர்தான் பொறுப்பு என்பதே விதி. மருத்துவரிடம் போனதும் முதலில் "போட்டிகளில் ஆடுகிறேன்" என்று சொல்லப் பழக்குங்கள். பாட்டிலைத் திருப்பிக் கலவையைப் படியுங்கள். தெரிந்தவர் ஜிம்மில் விற்கும் புரத மாவு டப்பாவுக்கும் இதே எச்சரிக்கை. லேபிளில் இல்லாததும் உள்ளே இருக்கலாம்.

மகள் 5,000 மீட்டர் ஓடுகிறாள். நான்கு மாதமாக மாதவிடாய் இல்லை. "ஓடுகிற பெண்களுக்கு அப்படித்தான்" என்கிறாள். (திருநெல்வேலியிலிருந்து ஒரு தாய்)

அப்படி இல்லை அம்மா. இந்த வாரமே மகளிர் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் ஓட்டக்காரப் பெண்களிடம் அடிக்கடி காண்பது, ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாததுதான். விடுதியில் காலை நான்கு இட்லியோடு எழுந்துவிடுவார்கள், எடை கூடினால் வேகம் குறையும் என்ற பயத்தில் இரவுச் சாப்பாட்டையும் குறைப்பார்கள். மாதவிடாய் நின்றால் எலும்பும் வலுவிழக்கும். பிறகு கீழ்க்கால் எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்து ஒரு சீசனே போய்விடும். ரத்தத்தில் இரும்புச்சத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆண் பயிற்சியாளரிடம் சொல்லக் கூசுவாள். அவள் சம்மதித்தால் நீங்கள் பேசுங்கள்.

பயிற்சியாளர் தொடுவதும் பேசுவதும் சரியில்லை என்கிறாள் மகள். பெற்றோர் தலையிடக் கூடாது என்பீர்களா? (பெயர் வேண்டாம்)

உடனே தலையிடுங்கள். முதலில் சொன்ன எதுவும் இதற்குப் பொருந்தாது. அவளிடம் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். "விளையாட்டே வேண்டாம், வீட்டுக்கு வா" என்றும் சொல்லாதீர்கள், இனி எதையும் சொல்லமாட்டாள். தேதி, இடம், செய்திகளின் நகல் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். கல்லூரியில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும், பாலியல் தொல்லைத் தடுப்புக்கான 2013ஆம் ஆண்டுச் சட்டம் அது. அங்கே எழுத்தில் கொடுங்கள். பதினெட்டு வயது நிறையவில்லை என்றால் சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டம் வரும், நேரே காவல் நிலையம்தான். "கல்லூரி பெயர் கெட்டுவிடும்" என்று யாராவது சமாதானம் பேச வந்தால் அவர் பெயரையும் புகாரில் சேருங்கள்.