போர்ஷ் என்ற பீட்ரூட் சூப்புக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? பீட்ரூட் இல்லாமலும் அதைச் செய்வார்களா?

செய்வார்கள். உக்ரைனில் வசந்தம் பிறந்தால் பச்சை போர்ஷ் வைப்பார்கள். சோரல் என்ற புளிப்புக் கீரை, உருளைக்கிழங்கு, மேலே அவித்த முட்டை. பீட்ரூட்டே இருக்காது.

காரணம் பெயரில் இருக்கிறது. போர்ஷ் முதலில் ஒரு காட்டுச் செடியின் பெயர். கேரட், கொத்தமல்லி குடும்பத்துச் செடி. ஈரப் புல்வெளிகளில் தானாக வளரும். அதன் இளந்தண்டையும் இலையையும் தண்ணீரில் போட்டுப் புளிக்கவைத்து, அதைக்கொண்டு உக்ரேனியர், போலந்துக்காரர் போன்ற ஸ்லாவிய மக்கள் சூப் வைத்தார்கள். செடியின் பெயர் சூப்புக்கு ஆகிவந்தது. தோட்டத்துப் பீட்ரூட் பிறகு வந்து அந்த இடத்தைப் பிடித்தது. அதையும் புளிக்கவைத்தே சேர்த்தார்கள். போலந்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு பரிமாறும் தெளிந்த பார்ஷ்ச்சுக்கு, அதாவது அவர்களுடைய போர்ஷுக்கு, இன்றும் பல நாள் முன்பே பீட்ரூட்டை ஊறப்போடும் வீடுகள் உண்டு. ஆங்கிலத்தில் 'போர்ஷ்ட்' என்று கடைசியில் ஒட்டியிருக்கும் 'ட்', இத்திஷ் என்ற மொழி பேசிய யூதர்கள் வழியாக வந்தது.

என்னைக் கேட்டால் போர்ஷுக்கு உயிர் புளிப்புதான். உக்ரைனின் வின்னிட்சியா நகரில் மருத்துவம் படித்தபோது எங்களுக்குச் சமையல் சொல்லிக்கொடுத்த விடுதி அம்மா இதில் கறாராக இருப்பார். துருவிய பீட்ரூட்டைத் தனியாக வதக்கும்போதே கொஞ்சம் வினிகர் விடச் சொல்வார். புளிப்பு பட்டால்தான் சிவப்பு நிற்கும், இல்லாவிட்டால் கொதிக்கக் கொதிக்க நிறம் மங்கிவிடும். ஆனால் எலும்புச் சாற்றில் உருளைக்கிழங்கு முழுதாக வெந்த பிறகே அந்த வதக்கலைக் கொட்ட வேண்டும். புளிப்பு முந்திக்கொண்டால் கிழங்கு வேகாது. சாம்பாரில் காய் வெந்தபின் புளி கரைத்து விடுகிறோமே, அதே கணக்கு. கடைசியில் நசுக்கிய பூண்டு, தட்டில் ஒரு கரண்டி ஸ்மெத்தானா, அதாவது அவர்களுடைய புளித்த கிரீம். மறுநாள் சுவை இன்னும் கூடும்.

2022 ஜூலை 1 அன்று, உக்ரைனின் போர்ஷ் சமைக்கும் மரபை, அவசரமாகக் காக்க வேண்டிய பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் யுனெஸ்கோ சேர்த்தது. போரினால் சமைப்பவர்களும் காய்கறி பயிரிடுபவர்களும் ஊரைவிட்டுச் சிதறியதே காரணம். போலந்துக்காரர்களுக்கும் லித்துவேனியர்களுக்கும் அவரவர் வகை உண்டு, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் தமிழில் இதை வெறும் 'ரஷ்ய சூப்' என்று எழுதுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் கஷ்டப்படுகிறது. தயவுசெய்து உக்ரைனின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.