பெண்ணியச் சட்டவியல் படித்தால் வேலை கிடைக்குமா? ஓர் அப்பாவுக்குப் பதில்

வணக்கம் ஐயா.

உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் இருக்கின்றன. சட்டப் படிப்பு முடிந்த கையோடு பெண்ணியச் சட்டவியலில் முதுநிலை சேரப்போவதாக மகள் சொல்கிறாள், அதில் பிழைப்பு உண்டா என்பது ஒன்று. 'சண்டைக்காரி' என்று பெயர் வாங்கிவிடுவாளோ என்பது இன்னொன்று. அதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் வரிக்கு வரி தெரிகிறது.

முதலில் அவள் என்ன படிக்கப்போகிறாள் என்று பார்ப்போம். பெண்களுக்கென்று இருக்கும் நாலைந்து சட்டங்களை மட்டும் மனப்பாடம் செய்யும் படிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, சொத்து, தொழிலாளர் நலன், வரி, குற்றவியல், சாட்சியம் என எல்லாச் சட்டமும் இதற்குள் வரும். ஒவ்வொன்றையும் எடுத்து, 'இதை எழுதியவர் யாரை மனதில் வைத்து எழுதினார்?' என்று கேட்பதுதான் வேலை.

அப்பாவான உங்களுக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1972இல் அமெரிக்காவில் ஓர் ஆசிரியை பிரசவத்தில் இறந்துபோனார். கைக்குழந்தையோடு நின்ற கணவர் ஸ்டீபன் வீசன்ஃபெல்ட், மனைவி சம்பளத்தில் பிடிக்கப்பட்ட சமூகப் பாதுகாப்பு வரியை நம்பி உதவித்தொகை கேட்டார். அது விதவைத் தாய்க்கு உண்டு, மனைவியை இழந்த தந்தைக்கு இல்லை என்று சட்டம் கைவிரித்தது. அவருக்காக வாதாடியவர் ரூத் பேடர் கின்ஸ்பர்க், பின்னாளில், இந்த வழக்கை விசாரித்த அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கே நீதிபதியானவர். சம்பாதிப்பவன் ஆண், குழந்தை வளர்ப்பவள் பெண் என்ற ஊகத்தைச் சட்டத்தில் வைத்தால், வேலைபார்த்த பெண்ணின் உழைப்புக்கு மதிப்புக் குறைகிறது, குழந்தையை வளர்க்க நினைக்கும் ஆணும் தோற்கிறான் என்பதே வாதத்தின் சாரம். 1975இல் அவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது, ஒரு நீதிபதிகூட மாறுபடவில்லை. இதில் சண்டை எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்?

எல்லா வழக்கும் இப்படி ஜெயிக்கவில்லை. அமெரிக்காவில் ஒரு கார் நிறுவனத்தின் ஆட்குறைப்பை எதிர்த்துக் கறுப்பினப் பெண்கள் ஐந்து பேர் போட்ட வழக்கில் 1976இல் தீர்ப்பு வந்தது. அங்கே வெள்ளையினப் பெண்களுக்கு முன்பிருந்தே வேலை கொடுத்திருக்கிறார்கள், ஆகவே பாலினப் பாகுபாடு இல்லை என்றது நீதிமன்றம். இனப் பாகுபாடு என்றால் அதைத் தனியாகக் கேட்க வேண்டும், இரண்டையும் சேர்த்துக் கேட்க முடியாதாம். இரண்டு பக்கமும் அடி வாங்கியவருக்குச் சட்டத்தில் ஒரு கட்டம்கூட இல்லை! இந்த ஓட்டையைத்தான் 1989இல் கிம்பர்லே கிரென்ஷா என்ற சட்ட அறிஞர் ஒரு கட்டுரையில் பிரித்துக் காட்டினார். இன்று பாகுபாட்டு வழக்கு நடத்துபவர்கள் அந்தச் சிந்தனையைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

பெண்ணியவாதிகள் எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறவர்கள் என்றும் நினைக்க வேண்டாம். 1919இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, ஆலைகளில் பெண்களை இரவு வேலைக்கு வைக்கக் கூடாது என்று உடன்படிக்கை போட்டது. பாதுகாப்பு என்றார்கள் சிலர். வேலையே கைவிட்டுப் போகிறதே என்றார்கள் வேறு சிலர். 1990இல் வந்த புது உடன்படிக்கை இரவு வேலை பார்க்கும் ஆண், பெண் எல்லோருக்கும் பாதுகாப்புக் கேட்டது. மகப்பேறு விடுப்பு விஷயத்திலும் இதே இழுபறி உண்டு. இரு பக்கமும் நின்று வாதாடப் பழகியவர் எந்த நீதிமன்றத்திலும் பிழைத்துக்கொள்வார்.

சரி, வேலைக்கு வருவோம். 'பெண்ணியச் சட்டவியலாளர் தேவை' என்று யாரும் விளம்பரம் கொடுக்க மாட்டார்கள். தொழிலாளர் சட்டம், குடும்பச் சட்டம், குற்றவியல் என்று ஒரு துறையின் பெயரில்தான் வேலை வரும். பணியிடத் துன்புறுத்தல் புகார்களை விசாரிப்பது, நிறுவனங்களுக்கு விதிமுறை எழுதித் தருவது, சட்ட வரைவு, மனித உரிமை அமைப்புகள், கல்லூரி ஆசிரியப் பணி ஆகியவையும் உண்டு. பணியிட வன்முறையையும் துன்புறுத்தலையும் பற்றிய சர்வதேச உடன்படிக்கை 2019இல்தான் வந்தது. அதை ஏற்கும் நாடுகள் தங்கள் சட்டங்களைத் திருத்தியாக வேண்டும், அந்த வரைவை எழுதவும் விளக்கவும் ஆள் வேண்டும். ஐ.நா. வேலையை மட்டும் கனவு காணாமல் இருந்தால் நல்லது, அங்கே இடம் குறைவு, வரிசை நீளம்.

அதனால் என் கருத்து இதுதான்: படிக்கட்டும், ஆனால் இந்த ஆண்டே வேண்டாம். ஒன்றிரண்டு வருடம் ஒரு வழக்கறிஞரிடம் ஜூனியராக இருக்கட்டும். மனு எழுதி, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்து பழகாமல் கோட்பாடு மட்டும் படித்தவர்களுக்கு முதல் வேலை கிடைப்பது சிரமம், இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அப்புறம் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது, தரவரிசையை விட, அங்கே சட்ட உதவி மையம் இருக்கிறதா, மாணவர்கள் நிஜ வழக்குகளைக் கையாளுகிறார்களா, வழிகாட்டும் ஆசிரியர் யார் என்பதை அவள் விசாரிக்க வேண்டும்.

பெயர் கெடுமோ என்ற கவலைக்கு நான் அதிகம் சொல்வதற்கில்லை. வாதாடுவதுதான் வழக்கறிஞர் தொழில், அந்தத் தொழிலுக்கு அவளை அனுப்பியது நீங்கள்தான்.

விண்ணப்பம் போடுவதற்கு முன், எந்தத் துறையில் காலூன்றப் போகிறாள், அதில் எந்தக் கேள்வி அவளைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் படித்த பிறகு எனக்கும் அனுப்புங்கள்.