கழிவுநீர்க் குழாய்க்கு ஒரு துப்புரவு வாய்: வாசகர் கேள்விகளும் விடைகளும்

கேள்வி: எங்கள் வீட்டு மலசலகூடக் குழாய் வருடத்தில் இரண்டு மூன்று தடவைகள் அடைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு தடவையும் முற்றத்துச் சீமெந்தை உடைத்து, குழாயை வெட்டித் துப்புரவு செய்து, மறுபடியும் ஒட்டுகிறார்கள். கிளீன் அவுட் ஒன்று வைத்தால் இந்த உடைப்பு வேலை தீரும் என்று குழாய் வேலை செய்பவர் கூறுகிறார். அது என்ன, அதை எங்கே வைக்க வேண்டும்?
– வாசகி, உப்புவெளி

விடை: அவர் சொல்வது சரி. கொமட்டிலிருந்து மலக்குழிக்குச் செல்லும் குழாயில் ஒரு கிளையை நிலமட்டம் வரை எழுப்பி, அதன் நுனியில் திருகு மூடியொன்றைப் பூட்டி வைப்பதையே கிளீன் அவுட் என்கிறார்கள்; துப்புரவு வாய் என்று சொல்லலாம். அடைப்பு ஏற்படும் நாளில் அந்த மூடியைக் கழற்றி, கம்பியையோ நீர்க்குழாயையோ உள்ளே செலுத்திவிட்டு, மீண்டும் மூடிவிட்டால் வேலை முடிந்தது. பழைய வீடுகளில் இதே பணியைச் செங்கல்லால் கட்டிய சேம்பர்கள் (குழாய் வழியில் அமைக்கும் மூடியுள்ள சிறு தொட்டிகள்) செய்தன. அவை நல்லவைதாம், ஆனால் கொங்கிறீட் மூடி ஓரம் உடைந்துவிட்டால் மழைநீரும் மணலும் கரப்பான்களும் உள்ளே புகுந்துவிடும்.

ஒன்றை மட்டும் முதலில் சொல்ல வேண்டும். வருடத்தில் இரண்டு மூன்று தடவைகள் அடைபடும் குழாயில் துப்புரவு வாய் இல்லாதது மட்டுமே குறையாக இருக்க முடியாது. குழாயின் சரிவு போதாமல் இருக்கலாம். மணல் இறங்கிக் குழாய் நடுவில் தொய்ந்திருக்கலாம். தென்னையின் அல்லது வேம்பின் வேர் மூட்டு வழியாக உள்ளே புகுந்திருக்கலாம். அத்துடன், வெட்டி வெட்டி ஒட்டிய இடங்களில் குழாய்களின் விளிம்புகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் உள்ளே சிறு படிகள் உண்டாகியிருக்கும். ஒட்டுப்பசையும் உள்ளே வழிந்து கட்டியாகியிருக்கும். காகிதமும் துணித்துண்டும் வந்து சிக்குவது அங்கேதான். ஆகவே முற்றத்தைக் கடைசித் தடவையாக ஒருமுறை உடைத்து, ஒட்டுப்போட்ட பகுதியை முழுவதுமாக அகற்றிப் புதிய குழாய் பதித்து, அப்போதே துப்புரவு வாயையும் வைத்துவிடுங்கள்.

கொமட் குழாய்க்கு 4 அங்குலம் என்று கடையில் கேட்டால் 110 மில்லிமீற்றர் பிவிசி குழாய் தருவார்கள். துப்புரவு வாயும் அதே அகலத்தில் இருக்க வேண்டும். செலவு குறையும் என்று 2 அங்குல வாய் வைத்தால் கம்பியின் தலைப்பு உள்ளே திரும்பாது. சரிவு 10 அடிக்கு 2 முதல் 3 அங்குலம் வரை இருந்தால் போதும். கண்மதிப்பில் விடாமல் மட்டக்குழாய் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் பக்கத்து மண் கடற்கரை மணல் என்பதால் குழாயின் அடியில் மணலை நனைத்து இறுக்கிய பின்பே குழாயைக் கிடத்த வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மாரிக்குள் அது எங்காவது தொய்ந்துவிடும்.

இடத்தைப் பொறுத்தவரை, குழாய் வீட்டை விட்டு வெளியேறும் சுவருக்குச் சற்று அப்பால் ஒன்று வைப்பது முதன்மையானது. குழாய் கடுமையாகத் திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் மேலும் ஒன்று வைக்கலாம். மலக்குழி தொலைவில் இருந்தால், 100 அடிக்கு ஒன்று என்பது பல நாடுகளின் கட்டட விதிகளில் காணப்படும் உச்ச அளவு. கையால் கம்பி தள்ளும் நமக்கு 40, 50 அடிக்கு ஒன்று இருப்பதே உதவும்.

கேள்வி: மேல்மாடியில் புதிதாகக் குளியலறையும் மலசலகூடமும் கட்டுகிறோம். கீழே ஏற்கெனவே குழாய் பதித்திருக்கிறது. துப்புரவு வாயைச் சுவருக்குள் மறைத்து ஓடு பதித்துவிட்டால் பார்வைக்கு நன்றாக இருக்கும் என்று மேசன் சொல்கிறார். அவ்வாறு செய்யலாமா? ஏற்கெனவே உள்ள குழாயில் அதை எப்படிப் பொருத்துவது?
– வாசகர், உவர்மலை

விடை: மறைக்க வேண்டாம். பதித்த ஓடுகளை உடைத்துத்தான் எட்ட முடியும் என்றால் அந்த வாய் இருந்தும் பயனில்லை. மூடிக்கு முன்னால் குறைந்தது ஒன்றரை அடி வெற்றிடம், முடிந்தால் இரண்டு அடி, எப்போதும் இருக்க வேண்டும். தண்ணீர்த் தாங்கியின் அடித்தளத்தையோ சலவை இயந்திரத்தையோ அந்த இடத்தில் நிரந்தரமாக நிறுத்திவிடக் கூடாது. மாடியிலிருந்து செங்குத்தாக இறங்கும் குழாய் நிலத்தில் திரும்பும் அடிப்பகுதியில்தான் அடைப்பு அதிகம் ஏற்படும். உவர்மலையின் சரிவான வளவுகளில் அந்த மூலை பெரும்பாலும் வீட்டின் பின்பக்கத்துத் தாழ்வில், கண்ணில் படாத இடத்தில் அமைந்துவிடுகிறது. அங்கே ஒரு வாய் கட்டாயம் தேவை. செங்குத்துக் குழாயில், நிலத்திலிருந்து ஓர் அடி உயரத்தில், பக்கவாட்டில் கதவு உள்ள டீ (T) வடிவ இணைப்பைப் பொருத்தினால் மண்ணைத் தோண்டாமலேயே வேலை முடிந்துவிடும்.

நிலத்தடிக் குழாயில் பொருத்துவதானால் செங்கோண டீயைத் தவிர்த்து, சாய்ந்த கிளை கொண்ட வை (Y) வடிவ இணைப்பை வாங்குங்கள். அதன் திசையைத்தான் பலரும் மாற்றி வைத்துவிடுகிறார்கள். மேலிருந்து இறக்கும் கம்பி, கழிவுநீர் ஓடும் திசையிலேயே, மலக்குழியை நோக்கிச் சறுக்கிச் செல்லுமாறு கிளை சாய்ந்திருக்க வேண்டும். மாற்றி வைத்தால் கம்பி வீட்டை நோக்கித் திரும்பிவிடும். கழிவில் வரும் துணுக்குகளும் கிளையின் வாயில் ஒதுங்கும். இரு திசைகளிலும் கம்பி விட வேண்டுமென்றால் எதிரெதிராகச் சாய்ந்த இரண்டு இணைப்புகளை அடுத்தடுத்து வைத்து, இரண்டு மூடிகள் போடலாம்.

ஏற்கெனவே பதித்த குழாயில் வேலை செய்யும்போது வீட்டில் எவரும் கொமட்டையோ குளியலறையையோ பயன்படுத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குழாயின் இருபுறமும் கை நுழையும் அளவுக்கு இரண்டு மூன்று அடி நீளத்துக்கு மண்ணை அகற்றுங்கள். வை இணைப்பின் நீளத்தை அளந்து, குழாயை நேராக அறுத்து, பிசிறுகளை உள்ளும் வெளியும் அரத்தால் நீக்குங்கள். நிலத்தில் கிடக்கும் குழாயை இழுத்து விரிக்க முடியாது என்பதால், இரு குழாய்களை இணைக்கும், உள்ளே தடுப்பு விளிம்பு இல்லாத வழுக்கு சொக்கெற் தேவைப்படும். அதை ஒரு பக்கத்துக் குழாயில் முழுவதுமாக ஏற்றி வைத்துவிட்டு, வை இணைப்பை இடையில் அமர்த்திய பின்னர் திரும்ப இழுத்து மூட்டை மூடலாம். பசை பூசுவதற்கு முன் ஒருமுறை எல்லாவற்றையும் உலர்வாகப் பொருத்திப் பார்த்து, பென்சிலால் அடையாளமிட்டுக்கொள்வது மிகவும் அவசியம். பசை பட்ட பின் திருத்துவதற்குச் சில வினாடிகளே கிடைக்கும். திருகு மூடிக்கு மட்டும் பசை பூசவே கூடாது. மரையில் சிறிது வாஸ்லின் தடவினால் வருடங்கள் கழித்தும் அது சுழலும்.

மூட்டுகள் இறுகிய பின், மண்ணை மூடுவதற்கு முன்னரே, மாடியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு மூட்டையும் கையால் தடவிப் பாருங்கள். சிறு வளவுகளில் கிணறும் கழிவுக் குழாயும் அருகருகே இருக்கும் ஊர் இது. குழாயில் கசிவது கண்ணுக்குத் தெரியாமல் குடிநீரைச் சென்றடையும். இந்தச் சோதனைக்கு ஒரு மணித்தியாலம் செலவழிக்க எந்த வேலையாளாவது தயங்கினால், நீங்கள் விடாப்பிடியாக இருங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் துப்புரவு வாய் இருக்கிறது. ஆனால் அடைப்பு ஏற்பட்டபோது அதைத் திறக்கப் பயமாக இருந்தது. எப்படித் திறப்பது? மாரி காலத்தில் மட்டும் கொமட்டில் தண்ணீர் இறங்க மறுப்பது ஏன்?
– வாசகர், சாம்பல்தீவு

விடை: பயத்துக்குக் காரணம் உண்டு. குழாய் நிரம்பியிருந்தால் மூடி கழன்ற கணத்தில் கழிவுநீர் பீறிட்டு வரும். கையுறை, மூடிய காலணி, கண்ணுக்கு ஒரு கண்ணாடி ஆகியவை இல்லாமல் தொடங்க வேண்டாம். மூடிக்கு நேர் மேலே குனியாமல் பக்கத்தில் நின்று, கால் சுற்று, அரைச் சுற்று என்று மெதுவாகத் தளர்த்துங்கள். மரையோரம் நீர் கசியத் தொடங்கினால் நிறுத்தி, அழுத்தம் தணியும்வரை காத்திருங்கள். அருகில் புகைக்கவோ தீக்குச்சி கொளுத்தவோ கூடாது. குழாயில் மீதேன் இருக்கலாம்.

மூடி திறந்ததும் கம்பியை எடுக்காதீர்கள். முதலில் உள்ளே பாருங்கள். வாயில் கழிவுநீர் நிரம்பி நின்றால், அடைப்பு அதற்கு அப்பால், மலக்குழிப் பக்கத்தில் இருக்கிறது. வாய் வெறுமையாக இருந்து கொமட் மட்டும் நிரம்பி நின்றால், அடைப்பு வீட்டுக்கும் அந்த வாய்க்கும் இடையில் இருக்கிறது. இந்த ஒரு பார்வையில் பாதி வேலை முடிந்துவிடும். துப்புரவு வாய் வையுங்கள் என்று நான் இத்தனை வற்புறுத்துவதற்கு முதற்காரணமும் இதுவே: எங்கே உடைப்பது என்று தெரியாமல் வீட்டின் தரையை உடைத்தவர்கள் நம்மிடையே மிகப் பலர்.

அடைப்பு மலக்குழிப் பக்கம் என்றால், மலக்குழியின் நீர்மட்டத்தை அறிய வேண்டும். அது குழாய் வந்து சேரும் வாய்க்கு மேலே ஏறியிருந்தால், எவ்வளவு கம்பி விட்டாலும் பயனில்லை. குழி நிரம்பியிருக்கிறது, அல்லது மலக்குழியின் நீரை மண்ணுக்குள் விடும் உறிஞ்சு குழி நீரை ஏற்க மறுக்கிறது. மாரியில் மட்டும் ஏற்படும் உங்கள் சிக்கல் பெரும்பாலும் இந்த வகையே. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்யும் மாரி மழையில் கரையோர மணற்பகுதிகளில் நிலத்தடி நீர் மிகவும் மேலே வந்துவிடுவதால், உறிஞ்சு குழியைச் சுற்றியுள்ள மண்ணே ஏற்கெனவே நனைந்து நிறைந்திருக்கும். அந்த நாட்களில் பவுசர் கொண்டு குழியை முற்றாக இறைப்பது எளிய தீர்வாகத் தோன்றலாம். ஆனால் அடித்தளம் இல்லாத குழி சில நாட்களில் மறுபடியும் நிரம்பும். பிளாஸ்டிக் தாங்கியாக இருந்தால் வெறுமையானதும் நிலத்தடி நீர் அதை மேலே தூக்கிக் குழாய் மூட்டுகளை முறித்துவிடக்கூடும். மழை தொடங்குவதற்கு முன், ஓகஸ்ட் அல்லது செப்டெம்பரில் இறைப்பதே நல்லது.

மலக்குழி சரியாக இருந்து குழாயே அடைபட்டிருந்தால் கம்பியை வலஞ்சுழியாக மட்டும் சுழற்றித் தள்ளுங்கள். திருகி இணைக்கும் கம்பிகளை இடஞ்சுழியாகத் திருப்பினால் அவை உள்ளேயே கழன்று தங்கிவிடும். தடை விலகியதும் பல வாளித் தண்ணீரை ஊற்றிக் குழாயைக் கழுவுங்கள்.

எந்த நிலையிலும் எவரையும் மலக்குழிக்குள் இறக்காதீர்கள். அங்கே தங்கும் ஐதரசன் சல்பைட்டு, செறிவு கூடும்போது மணத்தை உணரும் ஆற்றலையே இல்லாமற் செய்துவிடும். உள்ளே இறங்கியவர் ஆபத்தை அறியாமலே மயங்குவார், அவரைத் தூக்க இறங்குபவரும் அவ்வாறே விழுவார். கூலிக்கு வருபவர் தாமாகவே இறங்க முன்வந்தாலும் மறுத்துவிடுங்கள். அவர் உயிர் உங்கள் வளவில் உங்கள் பொறுப்பு.

கேள்வி: கம்பி விடுவதற்குப் பதிலாகத் துப்புரவு வாயில் அசிட் ஊற்றினால் என்ன?
– வாசகி, கிண்ணியா

விடை: வேண்டாம். அடைபட்ட குழாயில் ஊற்றிய அசிட் அப்பால் ஓடாமல் அங்கேயே தேங்கி நிற்கும்; பின்னர் மூடியைத் திறப்பவரின் முகத்தில் அது தெறிக்கும். ஏற்கெனவே வெளிற்றும் திரவம் ஊற்றியிருந்தால் இரண்டும் சேர்ந்து குளோரின் வாயுவை உண்டாக்கும். மலக்குழியில் கழிவைச் சிதைக்கும் பக்ரீரியாக்களும் அழியும். ஏற்கெனவே எதையாவது ஊற்றிவிட்டீர்கள் என்றால், வேலைக்கு வருபவரிடம் மறைக்காமல் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். மீன் கழுவிய நீரும் சமையல் எண்ணெயும் போகும் குழாயை மலசலகூடக் குழாயுடன் இணைக்காமல் தனியே விடுவதும், செதில்களை வடிதட்டில் பிடித்துக் குப்பையில் போடுவதும் அசிட்டை விடப் பயன் தரும்.

கேள்வி: மழைவெள்ளம் முற்றத்தில் நிற்கும் வீடு எங்களுடையது. துப்புரவு வாயின் மூடி எந்த உயரத்தில் இருக்க வேண்டும்? அடைபட்டால் வெளியே வழியட்டும் என்று மூடியைத் தளர்வாக விட்டிருக்கிறோம்.
– வாசகர், திருக்கடலூர்

விடை: மூடியை இன்றே இறுக்குங்கள். தளர்ந்த மூடி வழியாக வெள்ளநீர் உள்ளே இறங்கினால் ஒரே இரவில் மலக்குழி நிரம்பிவிடும். கழிவு முற்றத்து வெள்ளத்தில் கலந்தால் அது உங்கள் கிணற்றில் மட்டும் நிற்காது, அயலவரின் கிணற்றையும் சேரும். முற்றத்தில் வழக்கமாக வெள்ளம் நிற்கும் மட்டத்துக்குச் சற்று மேலே மூடி இருக்குமாறு கிளைக்குழாயை உயர்த்தி, அதைச் சுற்றி ஒரு சிறு கொங்கிறீட் சட்டம் கட்டுங்கள். மோட்டார் சைக்கிளோ முச்சக்கர வண்டியோ ஏறும் இடமானால் சுமை சட்டத்தில் தாங்க வேண்டும், குழாயில் அல்ல. இரண்டு சுவர்களிலிருந்து அந்த வாய்க்கு உள்ள தூரத்தை அளந்து, குழாய் செல்லும் வழியுடன் ஒரு தாளில் வரைந்து, வீட்டு உறுதியுடன் சேர்த்து வையுங்கள். மண் மூடுவதற்கு முன் கைத்தொலைபேசியில் எடுத்த படமும் இருந்தால், வீட்டில் நீங்கள் இல்லாத நாளிலும் வேலையாள் நேராக அந்த இடத்துக்குச் செல்ல முடியும்.