செத்துட்டார்னு எழுதின சுவர்

கேள்வி: ராக் அண்ட் ரோல் முன்னோடி ஃபேட்ஸ் டாமினோ கடைசி காலத்துல எப்படி இருந்தார்?

பதில்: 2005-ல கேத்ரினா புயல் வந்தப்ப அவருக்கு 77 வயசு, அமெரிக்காவுல இருக்கற அவர் ஊரான நியூ ஆர்லியன்ஸை விட்டுக் கிளம்பவே இல்ல, வெள்ளத்துல போயிட்டார்னு நினைச்சு யாரோ ஒரு ரசிகர் அவர் வீட்டுச் சுவர்லயே அஞ்சலி எழுதிட்டுப் போயிட்டாங்க, ஆனா அதுக்குள்ள அவரைக் காப்பாத்தியாச்சு! அந்தச் சுவரோட போட்டோவைப் பாத்தா இப்பவும் எனக்கு தொண்டை அடைக்குது. 2006-ல அந்த ஊர் ஜாஸ் இசை விழாவுல உடம்பு முடியாம பாடல, ஆனாலும் மேடைக்கு வந்து ரசிகர்களைப் பாத்துட்டுத்தான் போனார், எவ்ளோ பாசம் பாருங்க. மறு வருஷம் டிப்பிட்டினாஸ் கிளப்ல திரும்ப பியானோ வாசிச்சார். 2017 அக்டோபர்ல, 89 வயசுல காலமானார்.