நெதர்லாந்துக்கு ஆபீஸ் வேலையாகப் போகிறேன். ஆம்ஸ்டர்டாம் தவிர, கேமராவோடு சுற்ற நல்ல ஊர் எது?

டென் போஸ். உங்கள் வேலை ஐண்ட்ஹோவன் பக்கம் என்றால் யோசிக்கவே வேண்டாம். சிப் தொழில் புண்ணியத்தில் நம் ஆட்கள் பலர் வந்து இறங்குவது அங்கேதான். அங்கிருந்து இன்டர்சிட்டி ரயிலில் இருபது நிமிடம். ஸ்டேஷன் பலகையில் ஸ்ஹெர்டோகன்போஸ் என்று நீளமாகப் போட்டிருக்கும், பதற வேண்டாம், அதே ஊர்தான்.

வார இறுதிக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. ஜூனில் அங்கே சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிவிடும். ஐந்து மணிக்கெல்லாம் டச்சுக்காரர்கள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள், நீங்களும் கிளம்பிவிடலாம். நம் ஊரில் படத்துக்கு ஏற்ற மஞ்சள் வெயில் வந்த வேகத்தில் போய்விடும். அங்கே அது சரிவாக நகர்ந்து நகர்ந்து, செங்கல் சுவர்களை ஆற அமரப் படமெடுக்க விடும். டிசம்பரில் போனால் நிலைமை தலைகீழ், நாலரைக்கே இருட்டிவிடும்.

முதலில் சின்ட் யான் தேவாலயம். எல்லோரும் முகப்பை எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நீங்கள் பக்கவாட்டில் போய் அண்ணாந்து பாருங்கள். கூரைச் சுவருக்கு வெளியிலிருந்து முட்டுக் கொடுக்கும் கல் வளைவுகளின் முதுகில், குதிரை ஏறியதுபோலக் கால்களை இருபுறமும் போட்டுக்கொண்டு, சின்னச் சின்னக் கல் உருவங்கள் வரிசையாக மேலே தவழ்ந்துகொண்டிருக்கும். மனிதர்கள், விலங்குகள், எதிலும் சேராத பிறவிகள். இவற்றுக்கு 200 மி.மீ. லென்ஸாவது வேண்டும், செல்போன் கேமரா சரிப்படாது. 2011-இல் புதுப்பிப்பு வேலையின்போது டோன் மோய் என்ற சிற்பி செய்து வைத்த தேவதையையும் தேடிப் பிடியுங்கள். ஜீன்ஸ், தோளில் லேப்டாப் பை, காதில் செல்போன். ஆபீஸ் வேலையாக வந்த நம்மை மாதிரியே இருக்கும்.

அடுத்தது பின்னென்டீஸ. ஊருக்குள் ஓடும் பழைய ஆற்றுக்கால்கள். இடப் பற்றாக்குறையில் ஒரு காலத்தில் அவற்றின் மேலேயே வீடுகளைக் கட்டிவிட்டார்கள். அதனால் வீடுகளுக்கு அடியில், செங்கல் வளைவுக் குகைகள் வழியாகப் படகு போகும். பொதுவாகக் குளிர்காலத்தில் படகு ஓடாது, மற்ற மாதங்களிலும் பெரும்பாலும் பகலில்தான், ஆகவே இதை மட்டும் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். குகைக்குள் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, தயங்காமல் ஏற்றுங்கள். குகை வாய் நெருங்கும்போது வெளியே இருக்கும் வெளிச்சத்துக்கு எக்ஸ்போஷரை வைத்தால், உள்ளே இருட்டு, நடுவில் பச்சையாக ஒரு வளைவு, அதன் தலைகீழ் நிழல் தண்ணீரில். படகு ஆடுவதால் ட்ரைபாட் வீண்.

எனக்கு மிகவும் பிடித்தது தெற்குக் கோட்டைச் சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் தெரு, அந்தப் பக்கம் இறங்கினால் நேராக ஈரப் புல்வெளி, பெயர் போஸ் ப்ரூக். நடுவில் புறநகர் என்று ஒன்றே கிடையாது. சதுப்பு நிலம்தான் இந்த ஊருக்கு அரண். 1629-இல் ஊரை முற்றுகையிட்ட டச்சு இளவரசர் ஃபிரெடரிக் ஹெண்ட்ரிக் கரை எழுப்பி, ஆறுகளைத் திருப்பி, தண்ணீரை இறைத்த பிறகுதான் ஊர் விழுந்தது. கோடையில் சூரியன் வடமேற்கில் மறைவதால், புல்வெளியிலிருந்து பார்த்தால் தேவாலயம் நிழலுருவாக நிற்கும். தேவாலயத்தின் நுணுக்கங்கள் படத்தில் தெரிய வேண்டுமென்றால் முன்னதாகவே போய்விடுங்கள்.

நேரம் மிஞ்சினால் மாஸ்போர்ட் பகுதியில் 1984-இல் கட்டிய உருண்டை வீடுகள். தண்டின் மேல் வெள்ளைப் பந்துகள், மொத்தம் ஐம்பது. ஆட்கள் குடியிருக்கிறார்கள், ஜன்னலுக்குள் லென்ஸை நீட்டாதீர்கள். மார்க்கெட் சதுக்கத்தில் ஓவியர் ஹிரோனிமஸ் போஸின் சிலை இருக்கிறது. ஒரு படம் எடுத்தால் போதும்.

அப்புறம், ‘போஸ் பொல்’ என்று சாக்லேட் பூசிய ஒரு கிரீம் உருண்டை, ஸ்டேஷன் அருகிலேயே கிடைக்கும். கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுக் கடியுங்கள், கிரீம் எந்தப் பக்கம் பீய்ச்சும் என்று சொல்ல முடியாது.