வியட்நாமின் தேசியப் பேரவையைப் புதிதாக வருபவர் ஏன் கவனிக்க வேண்டும்?

தம்பி, வேலைக்காக ஹனோய்க்கு வரவிருக்கும் நீங்கள், ஒரே கட்சி ஆளும் நாட்டில் நாடாளுமன்றம் என்பது கைதூக்கும் சபைதானே, அங்கே நடப்பதை வெளிநாட்டவர் கவனிக்க என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். குடும்பத்தோடு இங்கேயே தங்கிவிட்டவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

உங்கள் ஐயத்துக்கு ஆதாரம் நிறையவே இருக்கிறது. நாட்டை வழிநடத்தும் பொறுப்பை அரசமைப்பின் 4ஆம் பிரிவு கம்யூனிஸ்ட் கட்சிக்கே கொடுத்திருக்கிறது. அதிகபட்சம் 500 உறுப்பினர் கொண்ட பேரவைக்கு யார் போட்டியிடலாம் என்பதைத் கட்சியின் தலைமையில் இயங்கும் தந்தையர் நாட்டு முன்னணி என்ற அமைப்பு மூன்று சுற்றுகளில் வடிகட்டுகிறது. 2021 தேர்தலில் தேர்வான 499 பேரில் கட்சி உறுப்பினர் அல்லாதவர்கள் 14 பேர் மட்டுமே. குடியரசுத் தலைவர் யார் என்பதும் கட்சியின் மத்தியக் குழுவில் முடிவான பிறகே பேரவையின் வாக்கெடுப்புக்கு வருகிறது. 2024இல் வோ வான் துவோங் விலகியதும், மே மாதம் தோ லாமும் அக்டோபரில் லுவோங் குவோங்கும் அப்பதவிக்கு வந்ததும் இந்த வழியில்தான்.

ஆயினும் சட்டங்களின் உள்ளடக்கத்தில் பேரவைக்குச் சற்று இடம் உண்டு. சுமார் 5,600 கோடி டாலர் மதிப்பிலான வடக்கு-தெற்கு அதிவேக ரயில் திட்டத்தை அரசு 2010இல் கொண்டு வந்தபோது, செலவுக்கு அஞ்சி உறுப்பினர்கள் அதை நிராகரித்தார்கள். 2024 நவம்பரில்தான், சுமார் 6,700 கோடி டாலர் மதிப்பீட்டில், அத்திட்டம் ஒப்புதல் பெற்றது. அமைச்சர்களிடம் கேள்வி கேட்கும் அமர்வுகள் தொலைக்காட்சியில் நேரலையாக வருகின்றன. மொழி பிடிபட்ட பிறகு பாருங்கள். நம் ஊர்ச் சபைகளின் கூச்சல் இருக்காது, ஆனால் மருந்து விலை, மின்வெட்டு போன்றவற்றில் அமைச்சர்கள் திணறுவதைக் காணலாம்.

நம்மை நேரடியாகப் பாதிப்பது வேறு. மின்விசாவின் காலத்தை 30 நாளிலிருந்து 90 நாளாக நீட்டியது 2023 ஜூனில் பேரவை நிறைவேற்றிய திருத்தம். வேலை அனுமதி அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள், நீட்டிப்பு ஒரு முறை மட்டுமே என்பது 2019ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். மது அருந்தி வண்டி ஓட்டினால், ஒரு குவளை பீராக இருந்தாலும், அபராதம் என்பதும் அதே ஆண்டில் வந்த சட்டத்தின் விளைவு. வழக்கமான கூட்டத்தொடர்கள் மே மாதத்திலும் அக்டோபரிலும் தொடங்கும். ஆனால் சட்டம் நிறைவேறிய செய்தியைப் படித்துவிட்டு மறுநாளே அலுவலகத்துக்கு ஓடாதீர்கள். அதன்மேல் அரசாணை வந்து, பிறகு அமைச்சகத்தின் சுற்றறிக்கை வந்து சேரும் வரை, கவுண்டரில் இருப்பவர் பழைய விதியையே சொல்வார், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

பேச்சு விஷயத்தில் நிதானம் தேவை. மது அபராதத்தைப் பற்றியோ நிலச் சட்டத்தைப் பற்றியோ உடன் வேலை செய்பவர்கள் உங்களிடம் தாராளமாகவே புலம்புவார்கள், நீங்களும் கேட்டுக்கொள்ளலாம். ஒரே கட்சி ஆட்சி சரியா என்ற கேள்வியை மட்டும், குறிப்பாக முகநூலில், எழுப்ப வேண்டாம். 2018 ஜூனில் சிறப்புப் பொருளாதார மண்டல மசோதாவை எதிர்த்து மக்கள் தெருவுக்கு வந்தபோது பேரவை அதைத் தள்ளிவைத்தது உண்மை. ஆனால் அரசுக்கு எதிரான இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் இணையப் பாதுகாப்புச் சட்டத்தை அதே மாதத்தில் நிறைவேற்றியதும் அதே பேரவைதான்.

வீடு பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2025 ஜூனில் பேரவை அரசமைப்பைத் திருத்தி மாவட்ட நிர்வாக அடுக்கையே நீக்கியது. 63 ஆக இருந்த மாநில அளவிலான அலகுகளும் 34 ஆகச் சுருங்கின. ஜூலை 1 முதல் வார்டுகளின் எல்லைகளும் பெயர்களும் மாறிவிட்டன, ஆனால் பல வாடகை ஒப்பந்தங்களில் பழைய மாவட்டப் பெயரே நிற்கிறது. கையெழுத்திடுவதற்கு முன் புதிய வார்டின் பெயரை வீட்டு உரிமையாளரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்; தங்குமிடப் பதிவை அவர் அந்த வார்டு காவல் துறையிடம்தான் செய்ய வேண்டும்.