‘ஆர்வமுள்ளவர்கள் வரலாம்’ என்று போட்டால் யார் வருவார்?
வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நண்பர்கள் சிலர் சேர்ந்து எங்கள் மட்டக்களப்புப் பக்கத்துக் கூத்து உடுப்புகளையும் ஒப்பனையையும் வைத்து ஒரு படப்புத்தகமும் சின்னக் கண்காட்சியும் செய்ய நினைக்கிறோம். ஓவியர், போட்டோ எடுப்பவர், எழுதுபவர், டிசைனர் எல்லாரும் தேவை. ‘ஆர்வமுள்ள படைப்பாளிகள் தொடர்புகொள்ளலாம்’ என்று முகநூலில் போட்டோம். லைக் குவிந்தது, வந்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் ‘எனக்கு என்ன வேலை?’ என்று கேட்டார், நாங்கள் முழித்தோம், அவரும் போய்விட்டார். கையில் காசும் அதிகம் இல்லை. எப்படித்தான் அழைப்பது?
– வாசகி, கல்லடி

பதில்: போனவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கேட்டதுதான் முதல் கேள்வி, அதற்குப் பதில் வைத்துக்கொண்டுதான் நீங்கள் போஸ்ட் போட்டிருக்க வேண்டும்.

நீங்கள் எடுத்துக்கொண்ட விஷயத்திலேயே வழி இருக்கிறது தங்கச்சி. ஊரில் கூத்துப் போடுவதென்றால் என்ன நடக்கிறது? ‘ஆட விருப்பமுள்ளவர்கள் வரலாம்’ என்று யாரும் கோயில் மதிலில் நோட்டீஸ் ஒட்டுவதில்லை. எந்தக் கூத்து என்று முடிவாகிறது, கூத்துப் பழக்குகிற ஆசானான அண்ணாவியாரை மரியாதையாகப் போய் அழைக்கிறார்கள், குரலையும் உடம்பு வாகையும் பார்த்து ஆள் தெரிகிறார்கள், சட்டம் கொடுக்கிறார்கள், அதாவது அவரவர் பாத்திரத்துக்குரிய பாட்டு அவரவர் கைக்குப் போய்விடுகிறது. பிறகு காலில் சலங்கை கட்டிவிடுகிற சலங்கை கட்டு, வாராவாரம் ஆடிப் பார்க்கிற கிழமைக் கூத்து, முழுக்க ஒருமுறை ஒத்திகை பார்க்கிற அடுக்குப் பார்த்தல், கடைசியில் அரங்கேற்றம் (ஊருக்கு ஊர் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும், சண்டைக்கு வராதீர்கள்). வயலில் வேலை செய்துவிட்டு இரவில் பழக வருகிற மனுசனுக்கு, தான் யாராக ஆடப்போகிறோம், யாரிடம் பழகப்போகிறோம், எப்போது களரி, அதாவது கூத்து ஆடுகிற மேடை, ஏறப்போகிறோம் என்று மூன்றும் தெரியும். உங்கள் போஸ்ட்டில் மூன்றில் ஒன்றுகூட இல்லை.

ஆகவே பொது அழைப்பைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, ஆள் பார்த்து எழுதுங்கள். இப்படி ஒரு வட்ஸ்அப் போதும் (வடமோடி என்பது இங்கத்தைய கூத்து வகைகளில் ஒன்று, கரப்புடுப்பு அதன் ஆட்டக்காரர் போடுகிற விரிந்த உடுப்பு): ‘வடமோடிக் கரப்புடுப்பையும் கிரீடத்தையும் கோட்டோவியமாக வரைய ஒருவர் வேண்டும், எட்டுப் படம். உடுப்பு இருக்கிற வீட்டுக்கு நாங்கள் கூட்டிப் போவோம். இரண்டு மாதத்தில் முடியவேண்டும். போக்குவரத்து, சாப்பாடு, தாள், மை எங்கள் செலவு, கையில் தர இவ்வளவு ரூபா இருக்கிறது. உங்கள் பெயர் ஒவ்வொரு படத்துக்கும் கீழே வரும். புத்தகத்தின் அளவும் அட்டையும் இன்னும் முடிவாகவில்லை, அதை உங்களோடு இருந்து பேச விருப்பம்.’

அந்தக் கடைசி வரியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எல்லாவற்றையும் தாங்களே தீர்மானித்துவிட்டு நிறம் தீட்ட மட்டும் ஆள் கூப்பிட்டு, அதற்குக் கூட்டுமுயற்சி என்று பெயர் வைத்தால், வருகிறவர் மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிடுவார். முடிவில் பங்கு கொடுக்க விருப்பம் இல்லையா, சரி, அது தப்பே இல்லை, ஆனால் அது கூலி வேலை, முழுக்கூலி கொடுத்துச் செய்விக்க வேண்டும்.

காசைப் பற்றி முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் இல்லை என்றே சொல்லுங்கள். இருக்கிற கொஞ்சத்தில் யாருக்கு முதலில்? உடுப்புக் கட்டுகிறவர், அண்ணாவியார், இதை வைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு முதலில். மாணவர்கள் நேரத்தைத் தரலாம், அவர்களுக்குப் பெயரும் பழக்கமும் கிடைக்கும். நம்மில் ஒரு கெட்ட பழக்கம் என்னவென்றால் அச்சகத்துக்குக் காசைக் கட்டிவிட்டு அண்ணாவியாரிடம் மட்டும் ‘கலைச்சேவை’ என்று கதைப்பது.

ஆள் எங்கே என்று தேடவேண்டியதும் இல்லை. கல்லடியிலேயே சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, ஓவியம், நாடகம், இசை படிக்கிற பிள்ளைகள் அங்கே. ஒரு மாலை நேரே போய்ப் பேசுங்கள், போஸ்ட்டைவிட அது பத்து மடங்கு வேலை செய்யும்.

இன்னொன்று, யார் இடத்தில் கூடுவது என்பதையும் யோசியுங்கள். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு அண்ணாவிமாரைப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்து மாணவர்களுக்குப் பழக்கினார். விடிய விடிய ஆடுவது ஓரிரு மணிநேர மேடைக்குச் சுருங்கியது, கூத்துக்குப் படித்தவர்கள் மத்தியில் பெரிய மதிப்பு வந்தது. பின்னாளில் கூத்துச் செயற்பாட்டாளர் சி. ஜெயசங்கரும் அவரோடு நின்றவர்களும் மட்டக்களப்புச் சீலாமுனையில் ஊருக்குள்ளேயே போய், ஊராரோடு பேசிப் பேசிக் கூத்தை மீளுருவாக்கம் செய்தார்கள். எது சரி என்று இன்றைக்கும் வாதம் நடக்கிறது. என்னைக் கேட்டால், உடுப்பைப் பற்றிய புத்தகத்துக்கு உடுப்புக் கட்டுகிறவரின் வீட்டுத் திண்ணைதான் கூட்டம் வைக்க நல்ல இடம். அவர் உங்கள் கூட்டத்துக்கு வந்தால் விருந்தாளி, நீங்கள் அங்கே போனால் அவர்தான் தலைவர்.

கேள்வி: எங்களுடையது நெசவுக் குடும்பம். கொழும்பிலிருந்து ஒரு குழு, ‘கூட்டு வடிவமைப்புத் திட்டம்’ என்று சொல்லி எங்கள் சாரிக் கரை டிசைன்களைக் கேட்கிறது. காசு இல்லை, விளம்பரம் கிடைக்குமாம். உம்மா அனுப்பு என்கிறா, வாப்பா வேண்டாம் என்கிறார்.
– பெயர் வேண்டாம், மருதமுனை

பதில்: நான் வாப்பா பக்கம், ஆனால் கதவை அடித்துச் சாத்தச் சொல்லமாட்டேன். மருதமுனைத் தறிக்கு ஏற்கெனவே நாடு முழுக்கப் பெயர் இருக்கிறது, விளம்பரம் அவர்கள் தரவேண்டிய பிச்சை அல்ல.

சட்டம் உங்கள் கையில் கொஞ்சம் பலம் தருகிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, நீங்களே உருவாக்கிய டிசைனுக்கு அதை உருவாக்கிய உடனேயே பதிப்புரிமை வந்துவிடும், எங்கும் பதியத் தேவையில்லை. இப்படிப் பயன்பாட்டுப் பொருளில் வருகிற கலைக்கு அது 25 வருடம். அந்த உரிமையை இன்னொருவருக்குக் கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்கவேண்டும், வாய்ப்பேச்சில் போகாது. அதனால் அவர்கள் அனுப்புகிற படிவத்தின் சின்ன எழுத்தை வாப்பாவும் நீங்களும் இருந்து வாசியுங்கள், ‘எல்லா உரிமையும் திட்டத்துக்கே’ என்று ஒரு வரி அங்கேதான் ஒளிந்திருக்கும். டிசைனைக் கைத்தொழில் வடிவமைப்பாகப் பதியவும் முடியும், 5 வருடம், இரண்டு முறை புதுப்பித்தால் 15. ஆனால் பதிவுக்கு அது புதியதாக இருக்கவேண்டும், ஊரெல்லாம் காட்டிவிட்டுப் பிறகு பதியப் போனால் சிக்கல்.

அவர்களிடம் கேளுங்கள்: இதை வைத்துத் துணி விற்பீர்களா, விற்றால் எங்களுக்கு எவ்வளவு, நெய்வது எங்கள் தறியிலா வேறெங்காவது மிசினிலா, எங்கள் பெயர் எந்த இடத்தில் வரும். எழுத்தில் பதில் வந்தால் ஒரு டிசைன் கொடுத்துப் பாருங்கள். ‘அதெல்லாம் பிறகு பார்ப்போம்’ என்றால் நீங்களும் பிறகு பாருங்கள். உங்கள் தெருவில் எல்லாரும் காலகாலமாகப் போடுகிற கரையாக இருந்தால் மட்டும் ‘எங்களுடையது’ என்று தனியாக எழுதிக்கொடுக்காதீர்கள், ஊர்ப் பெயரைப் போடச் சொல்லுங்கள். நாளைக்குப் பக்கத்துத் தறிக்காரர் முகத்தில் முழிக்கவேண்டும் அல்லவா.

கேள்வி: லோகோப் போட்டி ஒன்று. வென்றவருக்கு மட்டும் பரிசு, ஆனால் அனுப்புகிற எல்லா லோகோவும் அமைப்பாளருக்கே சொந்தமாம். அனுப்பவா?
– மாணவன், அக்கரைப்பற்று

பதில்: வேண்டாம் தம்பி. தோற்றவனின் லோகோவும் அவர்களுக்கு எதற்காம்?

கேள்வி: அம்மப்பா அண்ணாவியாராக இருந்தவர். அவருடைய கூத்துக் கொப்பிகள் வீட்டில் கிடக்கின்றன. ஸ்கேன் பண்ணி இணையத்தில் போட்டு, படம் வரைகிறவர்களும் இசை செய்கிறவர்களும் அதை வைத்துப் புதிதாக ஏதாவது செய்யலாம் என்று அழைக்க எனக்கு ஆசை. மத்தளம் அடிக்கிற மாமா ‘எவனோ எடுத்து விற்பான்’ என்று மறுக்கிறார்.
– வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: இரண்டு வேலையையும் பிரியுங்கள். ஸ்கேன் பண்ணுவது இந்த மாதமே, கறையான் மாமாவின் சம்மதத்துக்குக் காத்திருக்காது. 2005 முதல் ஈழத்து எழுத்துகளை மின்வடிவாக்கிச் சேர்த்துவரும் நூலகம் நிறுவனம் மாதிரி இடங்களில் வழியும் கேட்கலாம்.

வெளியில் விடுவதுதான் மாமாவுக்குப் பயம், அது நியாயமான பயம். அம்மப்பாவே இயற்றிய பாட்டென்றால் அவர் காலமாகி 70 வருடம் வரை உரிமை வாரிசுகளுக்கு, அதில் உங்கள் அம்மாவும் மாமாவும் மற்றவர்களும் அடக்கம், நீங்கள் தனியே முடிவெடுக்க முடியாது. வழிவழியாக வந்த பாட்டென்றால் அது ஒரு வீட்டுச் சொத்து இல்லை, நாட்டார் வெளிப்பாடுகளை மரபான சூழலுக்கு வெளியே வியாபாரத்துக்கு எடுப்பதற்கு மேலே சொன்ன புலமைச் சொத்துச் சட்டம் அனுமதி கேட்கச் சொல்கிறது. எல்லாரும் சம்மதித்தால், மற்றவர்கள் எந்த நிபந்தனையில் எடுக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிற கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமங்களில் ஒன்றைப் போடலாம்: பெயர் சொல்லவேண்டும், விற்கக்கூடாது, இதிலிருந்து செய்ததையும் இதே நிபந்தனையில்தான் பகிரவேண்டும் என்று ஒன்று இருக்கிறது, மாமாவுக்கு அது பிடிக்கலாம். ஒருமுறை கொடுத்த உரிமத்தை, எடுத்தவர்களிடமிருந்து திரும்பப் பிடுங்க முடியாது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அதைவிட, கொப்பியில் பாட்டுத்தான் இருக்கும், மெட்டும் தாளக்கட்டும் மாமாவிடம்தான் இருக்கின்றன. அவரில்லாமல் இசை செய்கிறவர்களை அழைத்து என்ன பயன்? ‘சம்மதம் தாங்க’ என்று நிற்காமல் ‘முதல் ஆளாக வாங்க மாமா’ என்று கேளுங்கள், எது வெளியே போகலாம் எது போகக்கூடாது என்று அவரே பிரித்துத் தரட்டும். பதிவுக்குப் பெரிய கருவி வேண்டாம், போன் போதும். மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள்.